அண்ணன் அனுப்பிய எச்சில்

ஜனவரி 9

அன்புள்ள வாலுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். டாக்டர் அறுவை சிகிச்சை என்றார். அம்மா, இடது கண் இருக்கிறதே என்கிறாள். உன் அண்ணி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே ஒரு கூத்து. புது ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டக் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். ஆள் உயரம் இறங்கியதும் பொக்லைன் வண்டியின் பக்கெட்டில் ஏதோ நொறுங்குகிற மாதிரி சத்தம். இத்தனை வருஷம் வண்டி ஓட்டியதில் கல் எது, குழாய் எது என்று காதே சொல்லிவிடும். இது இரண்டும் இல்லை. இறங்கிப் பார்த்தால் மண்ணுக்குள்ளிருந்து ஒரு மண்டையோடு. அந்த எலும்புக்கூட்டின் தோளை ஒட்டி இன்னொன்று, சின்னது.

மேஸ்திரி பதறிவிட்டார். "கண்டும் காணாததுமா மூடிட்டு வேலையப் பாருப்பா. வெளிய தெரிஞ்சா வேலை நின்னுடும்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. வண்டிச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பெரிய மண்டையோட்டைத் தூக்கி, துண்டால் மண்ணைத் துடைத்து, சாக்கின் மேல் வைத்தேன். போலீசுக்குச் சொல்லிவிட்டேன். பிறகு வந்த தொல்லியல்காரர்கள் அதற்குத்தான் என்னைப் பிடி பிடி என்று பிடித்தார்கள். வெறுங்கையால் தொடவே கூடாதாம்.

நாங்கள் நினைத்த மாதிரி நேற்றைய எலும்பு இல்லையாம், ஆயிரக்கணக்கான வருஷம் பழசாம். பக்கத்திலும் குழிகள் இருக்கின்றனவாம். சோதனைக்கு உங்கள் ஆய்வுக்கூடத்துக்குத்தான் அனுப்பப் போகிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "ஒண்ணு தோண்டுது, ஒண்ணு துருவுது. நல்லா இருக்குது என் புள்ளைங்க பொழப்பு" என்றாள்.

உன் கடிதத்தை வழக்கம்போல நான்தான் வாசித்துக் காட்டுவேன். போனில் பேசினால் இரண்டாம் தடவை கேட்க முடியாது என்பதுதான் இன்றும் அவள் கட்சி. ஆகவே விளக்கமாக எழுது.

உன் அண்ணன்


ஜனவரி 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். இடது கண்ணை நம்பி அம்மா இன்னும் எத்தனை நாள் ஓட்டுவாள்? நானே வந்து கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவேன் என்று சொல். (அம்மா, கேட்கிறதா?)

உன் ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பேருமே முழு ஆள் இல்லை, அண்ணா. பெரியதற்குப் பதினைந்து பதினாறு வயது இருக்கலாம். சின்னதற்கு அப்போதுதான் பால்பல் விழத் தொடங்கியிருக்கிறது. இந்த வயதில் ஆணா பெண்ணா என்று எலும்பைப் பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. டிஎன்ஏதான் சொல்ல வேண்டும்.

காதுக்குப் பின்னால் தொட்டுப் பார். அதற்கு உள்ளே தள்ளி, மண்டைக்குள் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. உடம்பிலேயே கெட்டியானது. மற்றதெல்லாம் மக்கினாலும் அதற்குள் டிஎன்ஏ துண்டு துண்டாகத் தங்கியிருக்கும். அதைத் துளைத்து ஒரு சிட்டிகை பொடி எடுப்பதுதான் என் வேலை. தலை முதல் கால்வரை மூடிக்கொண்டு, கையுறைக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டு உட்காருவேன். மூக்கு அரித்தால் அரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இவ்வளவு பாடுபடுவது எங்கள் டிஎன்ஏ அதில் ஒட்டாமல் இருக்க. நீயோ வெறுங்கையால் தூக்கி, வேர்வைத் துண்டால் துடைத்திருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியும், முகத்துக்கு நேரே பிடித்து இரண்டு வார்த்தை பேசியும் இருப்பாய். எது உன்னுடையது, எது அந்தப் பிள்ளைகளுடையது என்று பிரிக்க உன் எச்சில் வேண்டும். இத்துடன் பஞ்சுக் குச்சிகள் நாலைந்து வைத்திருக்கிறேன். கன்னத்தின் உட்புறம் தேய்த்து, குழாயில் போட்டு மூடி அனுப்பு.

ஒவ்வொருவர் உடம்பிலும் அம்மா மட்டுமே கொடுக்கிற ஒரு சின்ன டிஎன்ஏ வளையம் உண்டு. அம்மாவுக்கு அவள் அம்மா கொடுத்தது, அவளுக்கு அவள் அம்மா. அப்பாவுக்கு அதில் பங்கே கிடையாது. இங்கே வேலை பார்க்கிற எல்லோருடையதும் பதிவில் இருப்பதால் என்னுடையது எனக்குத் தெரியும். அபூர்வ வகை, இந்தப் பக்கத்தில் யாரிடமும் இல்லாதது. போன தடவை வந்தபோது, "உன் பாட்டிமாரில் எவளோ ஒருத்தி ரொம்பத் தூரத்திலிருந்து வந்திருக்கா அம்மா" என்று சொன்னேனே, "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று அம்மா எழுந்து போனாளே, அந்தக் கதைதான். ஆகவே உன் வளையத்தை நான் ஏற்கெனவே பார்த்தாயிற்று. மீதிக்குத்தான் எச்சில்.

சீக்கிரம் அனுப்பு.

உன் வால்


மார்ச் 3

அன்புள்ள வாலுக்கு,

சுகம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை நெருக்கடி. தொட்டியை வேறு பக்கம் மாற்றியதில் முதலிலிருந்து வெட்ட வேண்டியதாகிவிட்டது.

குச்சி வந்தது. ஒரு சந்தேகம். அந்தச் சாக்கை மேஸ்திரியும்தான் பிடித்தார். அவருடைய எச்சிலை அனுப்பினால் ஆகாதா? என்னுடையதை நீயேதான் பார்ப்பாயா, வேறு யாராவதா? பார்த்தபின் அதை என்ன செய்வீர்கள், எரித்துவிடுவீர்களா?

அம்மா கண்ணுக்கு இந்த மாதக் கடைசியில் நாள் குறித்திருக்கிறது. உன் மிரட்டல் பலித்தது. அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஏதாவது தெரிந்ததா?

உன் அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா சம்மதித்தது கேட்டு நிம்மதி.

எச்சில் கேட்டால் ஏதோ சொத்தில் பங்கு கேட்ட மாதிரி யோசிக்கிறாயே! மேஸ்திரியின் குச்சியும் வரட்டும். ஆனால் மண்டையோட்டைத் தூக்கியது நீ. உன்னுடையது இல்லாமல் முடிவை வெளியிட முடியாது. எலும்புகளைப் பெட்டியில் போட்டு மேலே வைத்துவிடுவார்கள், நானே ஓய்வு பெறும்வரை அப்படியே கிடக்கும். எரிக்க மாட்டோம். பூட்டி வைப்போம். விதிப்படி சொந்தக்காரர் மாதிரியை வேறு ஆள்தான் பார்க்க வேண்டும், ஆனால் இங்கே ஆள் பற்றாக்குறை. நானே பார்த்துக்கொள்கிறேன். உனக்கு என்ன வியாதி வரும் என்றெல்லாம் பார்க்க மாட்டேன், பயப்படாதே.

உன் வால்


ஏப்ரல் 2

அன்புள்ள வாலுக்கு,

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லவில்லை. "அவ கேட்டா குடுத்துத்தானே ஆகணும்" என்றாள். அவ்வளவுதான்.

குச்சி இத்துடன் இருக்கிறது. என்னுடையதுதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


மே 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலமா? இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். இங்கே வேலை.

குச்சி வழியில் ஈரமாகிக் கெட்டுவிட்டது போலிருக்கிறது. புதிதாக ஒன்று வைத்திருக்கிறேன். இன்னொரு முறை தேய்த்து அனுப்ப முடியுமா? அவசரம் ஒன்றும் இல்லை. அம்மாவை இதற்காகத் தொந்தரவு செய்யாதே.

உன் தங்கை


ஜூன் 6

அன்புள்ள வாலுக்கு,

சுகம். அம்மா இப்போது சுவர்க் காலண்டரைத் தூரத்திலிருந்தே படிக்கிறாள். வீட்டில் எத்தனை ஒட்டடை என்று உன் அண்ணியிடம் கணக்குச் சொல்கிறாள். இனி இந்த வீட்டில் நிம்மதி இல்லை.

ஈரமாகிவிட்டது என்கிறாய். சரி. இரண்டாவது குச்சி இதோ. வெயிலில் காயவைத்துப் போட்டிருக்கிறேன்.

"உன் வால்" என்று போடாமல் "உன் தங்கை" என்று போட்டிருந்தாய். அம்மா அதைக் கவனித்தாள்.

உன் அண்ணன்


ஜூலை 15

அண்ணா,

இதை வீட்டுக்கு அனுப்பவில்லை. உன் வேலையிடத்து ஷெட் முகவரிக்கு அனுப்புகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. உட்கார்ந்து படி.

குச்சி ஈரமாகவில்லை. நான் பொய் சொன்னேன். முதல் குச்சியில் வந்த தாய்வழி வளையம் என்னுடையதோடு ஒத்துப்போகவில்லை. குழாய் மாறியிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவதும் அதையேதான் சொல்கிறது. மீதி டிஎன்ஏவையும் ஒப்பிட்டேன். அண்ணன் தங்கைக்கு ஏறத்தாழப் பாதி பொருந்த வேண்டும். நமக்குப் பொருந்தவில்லை. கொஞ்சம்கூட.

எங்கள் தலைவியிடம் போய் நின்றேன். "சொந்தக்காரங்க மாதிரிய வேற ஆள் பாக்கணும்னு எதுக்கு விதி வெச்சிருக்கு? உன்ன மாதிரி ஒருத்தி இப்படி வந்து நிப்பான்னுதான்" என்று திட்டினார். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

சொல்லாமலே விட்டுவிடலாம் என்று பல நாள் யோசித்தேன். உன் கடிதம் வரும்போதெல்லாம் திருட்டுத்தனம் செய்கிற மாதிரி இருக்கிறது. உன்னைப் பற்றிய ஒரு விஷயம் எனக்குத் தெரிந்து உனக்குத் தெரியாமல் இருப்பது நியாயம் இல்லை. ஆகவே சொல்கிறேன். நீ அம்மா வயிற்றில் பிறந்தவன் இல்லை போலிருக்கிறது. அப்பாவுக்கும் இல்லை. உன்னை எங்கிருந்தோ எடுத்து வளர்த்திருக்கிறார்கள்.

உனக்கு எப்படி இருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. அதனால் ஒன்று மட்டும். சைக்கிள் பிடித்து ஓட்டக் கற்றுக்கொடுத்தது நீ. நான் பரீட்சையில் தோற்றபோது அப்பாவிடம் எனக்காக அறை வாங்கியது நீ. எந்த வளையம் என்ன சொன்னாலும் என் அண்ணன் நீதான். அம்மாவிடம் கோபப்படாதே. ஏதோ காரணம் இருந்திருக்கும்.

உன் வால்


ஜூலை 21

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதத்தை ஷெட்டில் உட்கார்ந்து படித்தேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மேஸ்திரி, "என்னப்பா, ஊர்ல யாருக்காவது ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

நீ தப்பான ஆளைத் தேற்றியிருக்கிறாய்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நேராகவே எழுதுகிறேன். எனக்கு அப்போது எட்டு வயது. நாம் பழைய ஊரில் மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் இருந்தோம். மாடி அறையில் ஓர் அக்கா இருந்தாள். சீருடை தைக்கிற கம்பெனியில் வேலை. அவளுக்குக் குழந்தை பிறந்தது. காய்ச்சல் வந்தது. சில வாரத்தில் போய்விட்டாள். அம்மா துணி சுற்றிய ஒரு மூட்டையோடு படியிறங்கி வந்ததை இப்போது போலப் பார்க்கிறேன். "இது உன் தங்கச்சி. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்" என்றாள். "தங்கச்சியத் தங்கச்சின்னு சொல்லாம வேற என்னன்னு சொல்லுவாங்க?" என்று நான் கேட்டேனாம். அப்பா சிரித்தாராம். அடுத்த மாதமே அவருக்கு மாற்றல் வந்து இந்த ஊருக்கு வந்துவிட்டோம். இங்கே யாருக்கும் தெரியாது. எனக்கும் பாதி நாள் மறந்தே போயிருக்கும்.

நீ வளையத்தைப் பற்றி எழுதியதும் எனக்குப் புரிந்துவிட்டது. மேஸ்திரியிடம் ஒன்றுக்கு இரண்டு குச்சி தேய்க்கச் சொல்லி, ஒன்றில் என் பெயரை எழுதியும் வைத்தேன். பிறகு அந்தப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் வெளியிடப் போகிற முடிவுக்குள் என் பொய் போய் உட்காரும் என்று நினைத்தபோது கை வரவில்லை. தூக்கி எறிந்துவிட்டேன்.

இப்படித் தெரிய வேண்டியிருந்ததே என்று வருத்தமாக இருக்கிறது. பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 19

வாலு,

கடிதம் இல்லை. போனும் எடுக்கவில்லை. உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்ததில் நீ தினமும் வேலைக்கு வருகிறாய் என்றார்கள். அந்த மட்டும் நிம்மதி.

நேற்று அம்மா துணி மடித்துக்கொண்டே, "அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல?" என்றாள். நான் தலையாட்டினேன். மடித்த துணியை உதறி மறுபடியும் மடித்தாள். "சாப்பிடுறாளான்னு மட்டும் கேளு" என்றாள்.

சாப்பிடுகிறாயா?

அண்ணன்


செப்டம்பர் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாப்பிடுகிறேன். அம்மாவிடம் சொல். இதை வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன், வாசித்துக் காட்டு.

கோபமாகத்தான் இருந்தேன். யார் மேல் என்று தெரியாத கோபம். அதைவிட வெட்கம். இரண்டு வளையம் ஒத்துப்போகவில்லை என்றால் யார் வெளியே என்று அந்த முடிவு சொல்லவே இல்லை. அம்மாவுடைய மாதிரி இருந்தால்தான் சொல்ல முடியும். முதல் வருஷ மாணவிக்கே தெரிகிற விஷயம். எனக்குத் தோன்றக்கூட இல்லை. நான் அம்மாவின் ஜெராக்ஸ் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, வெளியாள் நீதான் என்று பேனாவை எடுத்துவிட்டேன். இப்போது கண்ணாடியில் என் மோவாயைப் பார்த்தால் யாரோ இரவல் கொடுத்த மாதிரி இருக்கிறது.

உன் ஆட்களின் முடிவு வந்துவிட்டது. பெரியது பெண், சின்னது பையன். ஒரே அம்மா, ஒரே அப்பா. அக்காவும் தம்பியும். பக்கத்துக் குழிகளில் இருந்தவர்கள் எல்லோரும் தலைமுறை தலைமுறையாக ஒருவருக்கொருவர் சொந்தம். இந்த இரண்டு பேர் மட்டும் யாருக்கும் சொந்தம் இல்லை. பல் சொல்கிற கணக்குப்படி, சிறுவயதில் குடித்த தண்ணீர்கூட அந்தப் பக்கத்துத் தண்ணீர் இல்லை. எங்கிருந்தோ வந்திருக்கிறார்கள். ஏன் வந்தார்கள், ஏன் தனியாக வந்தார்கள், எதில் செத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எல்லோருக்கும் வைத்த மாதிரியே அவர்கள் தலைமாட்டிலும் ஒரு பானை வைத்திருக்கிறார்கள். உன் விரலின் தடயமும் கொஞ்சம் இருந்தது. பிரித்து எடுத்துவிட்டேன்.

இந்த முடிவை எழுதி முடித்த அன்றுதான் என் கோபம் வேறு மாதிரி ஆனது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன் செத்த ஒரு பெண்ணைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிகிறது. என்னைப் பெற்றவளைப் பற்றி, தைத்தாள், காய்ச்சல் வந்தது, அவ்வளவுதான் தெரியும்.

என் வளையம் ஒரே ஒரு கோடு, அம்மாவுக்கு அம்மாவுக்கு அம்மா என்று போகும். அதை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. ஆனால் என் முழு டிஎன்ஏவையும் சொந்தம் தேடுகிற பொதுப் பதிவில் கொடுத்துத் தேடினால், எங்கோ ஒரு சித்தி மகனோ மாமா மகளோ தங்கள் எச்சிலைக் கொடுத்திருந்தால் பொருந்தும். தேட ஆசையாக இருக்கிறது. அம்மா வேண்டாம் என்றால் மாட்டேன்.

அம்மா, அவள் எப்படி இருப்பாள்?

வால்


செப்டம்பர் 14

அன்புள்ள வாலுக்கு,

அம்மாவுக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. உன் கடிதத்தை அவளே ஒரு தடவை படித்தாள். ஆனால் எழுதுகிற பழக்கம் விட்டுப்போயிற்று. அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். திருத்தக் கூடாது என்று உத்தரவு.

"கண்ணு, நல்லா இருக்கியா? ராவுல தூங்குறியா?

அவ ஒல்லியா, உசரமா இருப்பா. இடது கைக்காரி. கத்தரிக்கோலு அவ கைக்குச் சரிப்படாது, தினமும் அதத் திட்டிக்கிட்டேதான் வெட்டுவா. நின்னுக்கிட்டே சாப்பிடுவா. உக்காருடின்னா உக்கார மாட்டா. சிரிச்சா மாடியில சிரிக்கிறது கீழ அடுப்படியில கேக்கும். நம்ம பேச்சு நல்லாப் பேசுவா, ஆனா ஏதோ ஒரு இழுப்பு இருக்கும். எந்த ஊருடின்னு எத்தனையோ தடவ கேட்டேன். 'அப்புறம் சொல்றேங்க்கா'ம்பா. புருஷன் கப்பல்ல வேலைன்னா. நான் அவன் மூஞ்சியப் பாத்ததில்ல. காய்ச்சல்லயும் கேட்டேன். 'நல்லாயிட்டுச் சொல்றேங்க்கா'ன்னா.

உன்கிட்ட ஏன் சொல்லலன்னு கேக்க மாட்ட, நீ நல்ல புள்ள. நானே சொல்லிடுறேன். அவளத் தேடிக்கிட்டு யாராச்சும் வந்து, எங்க புள்ளயக் குடுன்னு கேட்டா நான் என்ன பண்ணுவேன்? மொதல்ல அந்தப் பயம். கதவு தட்டுனா மொதல்ல உன்னத் தூக்கி உள்ள விட்டுட்டுத்தான் தெறப்பேன். அப்புறம் பயம் போயி, சொல்ற பழக்கமே இல்லாமப் போச்சு.

நீ தேடு. தாராளமாத் தேடு. அவ அம்மா இருந்தாளோ என்னவோ, பொண்ணு வருவான்னு எத்தன நாளு வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாளோ. அந்த ஊரு எதுன்னு தெரியாம நானும் இத்தன வருஷமா யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். தெரிஞ்சா மொதல்ல எனக்குச் சொல்லு.

ஒண்ணு மட்டும் என்கிட்ட இருக்கு. தைக்கும்போது ஊசி கையில குத்துனா அவ ஒரு வார்த்த சொல்லுவா. நம்ம பாஷ இல்ல. கெட்ட வார்த்தையா சாமி பேரான்னும் தெரியாது. எனக்கு அது மறக்கவே இல்ல. இவன எழுதுடான்னா, நம்ம எழுத்துல அந்தச் சத்தமே இல்லங்கிறான். போன்ல சொன்னா தப்பாக் கேட்டுடும்.

லீவு போட்டுட்டு வா. பக்கத்துல உக்காரு. என் வாயப் பாத்துக்கிட்டே கேளு, சொல்றேன்."